முந்திச் சொன்ன ஸ்தோத்திரம்

என் ஆசை அண்ணன் சாலமோனுக்கு,

நேற்று உன் கூட்டாளி காதர் அண்ணன் வந்திருந்தார். வாசகசாலையில் அவர்கள் நடத்துகிற கையெழுத்துப் பத்திரிகையில் உன் முதல் வருஷ நினைவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்களாம். "சாலமோனப் பத்தி நீயே எழுதித் தா லேயாள். நான் எழுத உக்காந்தா பாதியில சிரிப்பு வந்துருது, பொறவு வேற என்னமோ வந்துருது" என்றார். ஞாயிற்றுக்கிழமை நம் ஜெபவீட்டில் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

உன்னைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. உனக்கு எழுதத்தான் வருகிறது. நீ அசாமில் இருந்தவரைக்கும் நான்தானே வீட்டுக் கடுதாசி எழுதுவேன்? அதே மாதிரி எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளட்டும்.

அம்மாவுக்கு இழுப்பு குறையவில்லை. மலைப் பக்கம் மேகம் இறங்கினால் இங்கே அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். மண்ணெண்ணெய்க்கு இன்னும் வரிசைதான். அரிசி அளந்துதான் போடுகிறார்கள், அதிலும் பாதி கல். மில் சங்கு ஊதுகிறபோது நீ செய்வது போல நம் நாய் இப்போதும் கூடவே ஊளையிடுகிறது. நீ அதற்குச் சொல்லிக்கொடுத்ததை அது மறக்கவில்லை.

அப்பா நன்றாக இருக்கிறார் என்று எழுத வேண்டும். எழுத முடியவில்லை. அவர் என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது.

அண்ணே, இந்த வாரம் ஆறாம் பாரம் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வருகிறது. அதனால்தான் எல்லாம்.

நம் சபையில் அத்தனை பேரும் நீ எஸ்.எஸ்.எல்.சி. தேறினவன் என்றுதான் இதுவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நீ தேறவில்லை. இந்த இரண்டு சொல்லை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

நம் ஜெபவீட்டு வழக்கம் தெரியாதவர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறந்தாலோ, காய்ச்சல் விட்டாலோ, வேலை கிடைத்தாலோ, அந்த வீட்டார் ஒரு சீட்டில் எழுதிக் காணிக்கைத் தட்டில் போடுவார்கள். உபதேசியார் அதை எடுத்து எல்லாரும் கேட்க வாசித்து, கடைசியில் "ஸ்தோத்திரம்" என்பார். சபையும் "ஸ்தோத்திரம்" என்று திருப்பிச் சொல்லும். கோழி, பூசணி என்று கொண்டுவந்தால் ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் ஏலம் போடுவார்கள். நம் சபைக்கு உபதேசியார் நம் அப்பா. மற்றவர்களுடைய சந்தோஷத்தை எல்லாம் வாசிக்கிறவர் அவர்.

நீ பரீட்சை எழுதின அந்த வருஷம் ரிசல்ட் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் தன் சீட்டைத் தானே எழுதித் தானே வாசித்தார். "என் மகன் சாலமோன் ஆறாம் பாரம் பரீட்சையில் தேறினதற்காக." தேறப்போவதற்காக இல்லை. தேறினதற்காக.

முந்தின நாள் அம்மா கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். "தேறட்டுமே, பொறவு சொன்னா ஆகாதா?" என்றாள். அப்பா சிரித்தார். "பொறவு சொன்னா அது நன்றிளா. முந்திச் சொன்னாத்தான் விசுவாசம்." அவர் அதை நம்பித்தான் சொன்னார். அவரைக் குறை சொல்வதற்கு முன்னால் இதையும் எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் பெருமைக்காகச் செய்யவில்லை. மழைக்கு ஜெபிக்கப் போகிறவன் குடை எடுத்துப் போக வேண்டும் என்று பிரசங்கம் பண்ணுகிறவர், தன் வீட்டுக்கு வந்தபோது குடையை எடுத்தார். அவ்வளவுதான்.

நீ ஆண்கள் பக்கத்துப் பாயில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். சபை "ஸ்தோத்திரம்" என்று சொன்னபோது உன் வாய் அசைந்ததா என்று பார்த்தேன். அசையவில்லை. அப்பா காணிக்கையாகக் கொடுத்த சேவலை மரத்தடியில் ஏலம் எடுத்தவர் உன் முதுகில் தட்டி, "இனிமே ஒன்னய சார்னுல்லா கூப்பிடணும்" என்றார்.

அன்று மத்தியானம் கிணற்றடியில் என்னிடம் சொன்னாய். "ஏட்டி லேயா, இங்கிலீஷ் பேப்பர்ல பாதிதான் எழுதிருக்கேன். மீதிய ஆண்டவர் எழுதிருப்பாருங்கியா?"

"அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்றேன்.

"தொரமாருகிட்ட எல்லாம் பேசுதாருல்லா, தெரியும்" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். நீ சிரித்து முடித்த பிறகும் வாளியைக் கிணற்றுக்குள் விடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாய்.

பேப்பர் ரயிலில் வந்து இறங்கியதும் ஸ்டேஷனிலேயே வாங்கிப் பார்த்தவர் காதர் அண்ணன்தான். நேரே நம் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்தார். முன்வாசல் வழியாக வராதபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஸ்ரீவில்லிபுத்தூர் நம்பர் எல்லாம் ரெண்டு தடவ பாத்துட்டேன்லே. ஒன்னோடது இல்ல."

நீ பேப்பரை வாங்கி நீயும் பார்த்தாய். பிறகு மடித்தாய். காதர் அண்ணன் உன் தோளில் கை போட்டு, "எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க? நான் ரெண்டு தடவ கோட்ட விட்டவன். வாப்பா ரெண்டு நாள் ஏசினாரு. மூணாம் நாள் 'ஏலே, கணக்குதான வரல, தராசாவது பிடிக்க வருதான்னு பாப்போம்'னு கடையில கொண்டுபோய் உக்கார வச்சிட்டாரு. இன்னைக்கு அந்த ஹெட்மாஸ்டரே என்கிட்டதான் துணி எடுக்காரு" என்றார்.

"ஒங்க வாப்பா முந்தியே ஸ்தோத்திரம் சொல்லல காதரு" என்றாய் நீ.

அப்பா சாயங்காலம் வந்தார். பேப்பரைப் பார்த்தார். "அச்சுல தப்பு இருக்கும். கெஜட் வரட்டும்" என்றார். கெஜட்டும் வந்தது. நீ பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்தாய். எல்லாப் பாடத்திலும் போதும், இங்கிலீஷில் மட்டும் போதாது என்று வாத்தியார் சொன்னாராம். அதைச் சொல்லும்போது உன் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. ஒரே ஒரு பாடம்தானே என்று நினைத்திருப்பாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டு வாசலில் ஒவ்வொருவராக அப்பா கையைப் பிடித்து, "பையனைக் காலேஜுக்கு எங்க அனுப்புதீக? மதுரைக்கா, பாளையங்கோட்டைக்கா?" என்று கேட்டார்கள். அவர், "ஆண்டவர் சித்தம்" என்றார். அப்பா பொய் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். திறந்தால் என்ன சொல்ல வேண்டும்? தன் மகன் தேறவில்லை என்று சொல்ல வேண்டும். அதோடு நின்றால் சொல்லியிருப்பார். தான் விசுவாசித்தது நடக்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. பிறகு எந்த வாயால் மற்றவர்கள் சீட்டை வாசிப்பது?

அந்த ஒரு மாதம் நீயும் காதர் அண்ணனும் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து பேசினதை எல்லாம் நான் பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டேன். நாலு பேர் முன்னால் வந்து பேச எனக்கு வராது. ஆனால் காது உண்டு. தேறாதவனுக்கு எத்தனை வழி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

திரும்ப எழுதலாம். ஒரே பாடம், யாரிடமாவது போய் உட்கார்ந்து படித்தால் போதும். ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் படிக்கலாம். அதற்கு எந்த சர்டிபிகேட்டும் கேட்பதில்லை, விரல் இருந்தால் போதும் என்றார் காதர் அண்ணன். நூல் மில்லில் சேரலாம், நம் சபையைச் சேர்ந்த மேஸ்திரியே அங்கே இருக்கிறார். கொழும்புக்குப் போய் எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாகலாம். அப்புறம் வாத்தியார் டிரெயினிங். எட்டாம் வகுப்பு முடித்தவர்களைக்கூட ஹையர் கிரேடு டிரெயினிங்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள், ஆறாம் பாரம் வரை வந்தவன் என்றால் முன்னால் வைத்து எடுப்பார்கள்.

இந்தக் கடைசி வழியைச் சொன்னபோது நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். நான் பார்த்தேன். அம்மா நோயில் படுத்த பிறகு என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் போர்டிங்கிலிருந்து ஏழாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நான் விட்ட இடத்திலிருந்து பின்னக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். ஒரு தோசையை வெட்டி வெட்டிச் சொல்லிக்கொடுத்தாய். கணக்குப் புரிவதற்குள் தோசையை நீயே தின்றுவிட்டாய். நீ வாத்தியாராகத்தான் இருந்திருக்க வேண்டும் அண்ணே. அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

ஆனால் மிஷன் டிரெயினிங் ஸ்கூலில் சேர ஐயருடைய கடுதாசி வேண்டும். மாதம் ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நற்கருணை கொடுக்க வருகிற குருவானவரைத்தான் நாம் ஐயர் என்போம். அவருக்கு அப்பா எழுத வேண்டும், அவர் பள்ளிக்கூடத்துக்கு எழுதுவார். நீ அப்பாவிடம் கேட்ட அன்று நான் அடுப்படியில் இருந்தேன்.

"ஐயருக்கு ஒரே ஒரு லெட்டர் எழுதித் தாங்கப்பா. போதும்."

"என்னன்னு எழுத?"

"தேறல, டிரெயினிங் போக ஆசைப்படுதான்னு."

அப்பா தோள்துண்டை எடுத்து உதறிப் போட்டார். பிறகு, "அன்னைக்கு ஐயருக்கும் சொல்லியாச்சுலே. அவியளும் ஸ்தோத்திரம்னு எழுதிட்டாக" என்றார்.

நீ திரும்ப எழுதுகிறேன் என்றாய். பரீட்சைக்குப் போகிறவனை ஊர் பார்க்குமே என்றார். மில் என்றாய். உபதேசியார் மகன் எதற்குப் பஞ்சுத் தூசியில் நிற்கிறான் என்று நாலு பேர் கேட்பார்களே என்றார். டைப்ரைட்டிங் என்றாய். காலேஜுக்குப் போக வேண்டியவன் எதற்கு அங்கே என்பார்களே என்றார். ஒவ்வொரு கதவாக நீ தட்டினாய். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு நின்றது. அப்பா உன்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்கு இப்போதும் ஆறவில்லை. காதர் அண்ணன் வாப்பா போல இரண்டு நாள் ஏசியிருந்தால் மூன்றாம் நாள் ஏதாவது ஒரு கடையில் நீ உட்கார்ந்திருப்பாய், இல்லையா?

பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தபோதுதான் அப்பா முதல் தடவையாகத் தலையாட்டினார். காக்கிச் சட்டை போட்டவனை நீ தேறினாயா என்று எவரும் கேட்பதில்லை. சண்டை நடக்கிற காலத்தில் போனவனைப் பற்றிக் குறைவாகவும் பேசமாட்டார்கள். "படிச்ச பையன், ஆபீசராத்தான் போவான்" என்று சபையில் அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். நீ போனது மண் வெட்டுகிற கம்பெனிக்கு.

ராஜபாளையம் ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, "அங்க எவனும் நம்பர் கேக்க மாட்டான்ட்டி. நிம்மதி" என்றாய். அம்மா உன் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஜெபம் பண்ணினார். வண்டி நகர்ந்ததும் நீ ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து விரலால் ஒரு கோடு போட்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று காட்டினாய். பின்னக் கணக்கை மறந்துவிடாதே என்று அர்த்தம். மறக்கவில்லை.

உன் கடுதாசிகளில் மழை, அட்டை, மலையை வெட்டிப் போடுகிற ரோடு, இவைதான் இருந்தன. ஒன்றில், உன் கூட இருக்கிற எழுத்துத் தெரியாத ஆட்களுக்கு நீ கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுப்பதாக எழுதியிருந்தாய். "இங்கே நான் வாத்தியார்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அப்பா வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு உன் கடுதாசி வரவில்லை. தந்திதான் வந்தது. காய்ச்சலில், ஆஸ்பத்திரியில் என்று இருந்தது. எந்த ஊர் என்றுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. உன்னை எந்த மண்ணில் வைத்தார்களோ, பக்கத்தில் ஒரு மரமாவது இருக்கிறதா?

உன் நினைவு ஆராதனையில் யாரோ எழுந்து, "எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தேசத்துக்காகப் போய்" என்று பேசினார்கள். அப்பா மறுக்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. நீ செத்த பிறகும் உன்னைத் தேற வைத்துவிட்டார்கள் அண்ணே.

இதோடு போயிருந்தால் நானும் சும்மாவே இருந்திருப்பேன். பேச வராதவளுக்கு அது சுலபம்.

போன வியாழக்கிழமை ஞானம்மா அக்கா வந்தார்கள். உனக்குத் தெரியுமே, புருஷன் இல்லாமல் ஜின்னிங் பாக்டரியில் பஞ்சு பொறுக்கி மகனைப் படிக்க வைக்கிறவர்கள். பாக்கியநாதன் இந்த வருஷம் ஆறாம் பாரம் எழுதியிருக்கிறான். அக்கா கக்கத்தில் ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு வந்து அம்மா காலடியில் உட்கார்ந்தார்கள்.

"உபதேசியார் ஐயா இல்லியா? வந்தா சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை எம் மவன் தேறினதுக்கு ஸ்தோத்திரம் சொல்லணும்."

"ரிசல்ட் வந்துட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"புதன்கிழமைதான் வருமாம். நான் முந்தியே சொல்லுதேன். ஒங்க வீட்டுல நடந்தது எங்க வீட்டுலயும் நடக்கட்டும்னுதான்."

அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா கோழியின் காலை முருங்கை மரத்தில் கட்டிவிட்டு, "முட்ட போடுத கோழி, பாத்துக்கிடுங்க" என்று போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகும் அந்தச் சொல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒங்க வீட்டுல நடந்தது எங்க வீட்டுலயும் நடக்கட்டும்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லு" என்றாள். சொன்னேன். அப்பா வேதப் புத்தகத்தை மூடிவிட்டு, "அந்தப் பிள்ளையோட விசுவாசத்த நான் தடுக்க முடியுமா?" என்றார். அவர் முகம் சரியாக இல்லை. அவருக்கும் பயம் என்று எனக்குப் பட்டது.

மறுநாள் நான் ஞானம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். நானாக ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது அதுதான் முதல் தடவை. அக்கா பருத்திமாறை ஒடித்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியநாதன் வீட்டில் இல்லை.

"எங்க அண்ணன் தேறல அக்கா" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அக்கா திரும்பிப் பார்த்தார்கள். "எந்த அண்ணன்?"

"சாலமோன் அண்ணன். இங்கிலீஷ்ல போயிட்டு. அப்பா முந்தியே சொல்லிட்டாரு, பொறவு மாத்திச் சொல்ல முடியல."

"ஏட்டி, செத்துப்போன பயல் மேல எதுக்குப் பழி போடுத? வாயத் தெறக்காத பிள்ளைன்னு நெனச்சேன், தெறந்தா இப்படியா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர்களே அடுப்பை விட்டுவிட்டு, "அப்போ பட்டாளத்துக்கு எதுக்குப் போனான்?" என்று கேட்டார்கள். சொன்னேன். முருங்கை மரத்தடியில் கேட்டது, அடுப்படியில் கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா இன்னொரு மாறை ஒடித்து அடுப்புக்குள் தள்ளினார்கள். "தேறலன்னா எம் மவன் என்ன செய்வான்?"

அதற்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது அண்ணே. திரும்ப எழுதலாம் என்றேன். டைப்ரைட்டிங், மில், கொழும்பு, டிரெயினிங். நீயும் காதர் அண்ணனும் பேசினபடியே ஒன்றுவிடாமல் சொன்னேன். என் ஆயுசில் இவ்வளவு பேசினதில்லை.

"இம்புட்டு வழி இருக்கா?" என்றார்கள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "எங்கிட்ட அடுப்படியில வந்து சொல்லுத. சபையில சொல்லுவியா? உபதேசியார் ஒண்ணு சொல்லி, அவரு மவ ஒண்ணு சொன்னா நான் யார நம்ப? நீ சபையில சொல்லு, நான் கோழிய அவுத்துட்டுப் போறேன்."

எனக்குச் சபையில் பாட்டுப் பாடும்போதே பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்காது. அதனால் நான் சீட்டு எழுதினேன். அப்பா கட்டாயம் வாசிப்பார், நான் பேச வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். "பரீட்சையில் தேறாத என் அண்ணன் சாலமோன் பத்தொன்பது வயசு வரைக்கும் எங்களோடு இருந்ததற்காக." அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்தார். ஒரு வீட்டில் பசு கன்று போட்டிருந்தது. ஒரு வீட்டில் பேரன். பிறகு என் சீட்டு. என் கையெழுத்து உன் கையெழுத்து மாதிரியே இருக்கும் என்பார்களே, அதனாலோ என்னவோ அப்பா அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மடித்தார். சட்டைப் பைக்குள் வைத்தார். அடுத்த சீட்டை எடுத்தார்.

ஞானம்மா அக்கா பாயில் இருந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் சீட்டு அவர்கள் கையிலேயே இருந்தது. போடாமல் வைத்திருந்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். எப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. "எங்க அண்ணன் பரீட்சையில தேறல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லு பிள்ளை" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். திரும்பவும் சொன்னேன். "எங்க அண்ணன் சாலமோன் பரீட்சையில தேறல. ஆனாலும் அவன் எங்க வீட்டுல இருந்தான். அதுக்காக ஸ்தோத்திரம்."

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அப்பா வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உட்காரலாமா என்று தெரியாமல் நின்றேன். என் பக்கத்துப் பாயில், மூச்சு இழுக்க இழுக்க, அம்மா சொன்னாள். "ஸ்தோத்திரம்."

அம்மா ஒருத்திதான். அதற்குப் பிறகு அப்பா அடுத்த சீட்டை வாசித்தார்.

ஆராதனை முடிந்து ஏலம் நடக்கவில்லை. ஞானம்மா அக்கா நம் வீட்டுக்கு வந்து கோழியை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அது மரத்தடியில் ஒரு முட்டை போட்டிருந்தது. "இது ஒங்களுக்கு, தீனி போட்டீகல்லா" என்று வைத்துவிட்டுப் போனார்கள். வழியில் இரண்டு பேர் என்னைக் காட்டிப் பேசினார்கள். தகப்பனைச் சபையில் வைத்துத் தலைகுனிய வைத்தவள் என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அது பொய் இல்லை. நான் அப்படித்தான் செய்தேன்.

அப்பா சாப்பிடவில்லை. நேற்றும் சரியாகச் சாப்பிடவில்லை. ஐயருக்குத் தெரிந்தால் உபதேசியார் வேலை என்னவாகும் என்று தெரியவில்லை. இந்த வீடு மிஷன் வீடு. அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

இன்று காலையில் அம்மாவிடம்தான் பேசினார், எனக்குக் கேட்கிற மாதிரி. "ஞானம்மா மவன் தேறலன்னா வந்து பாக்கச் சொல்லு. ஐயருக்கு லெட்டர் எழுதித் தாரேன். டிரெயினிங்குக்கு." சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போனார். வெகு நேரம் கழுவினார்.

உனக்கு எழுதாத லெட்டர் அண்ணே. ஒரு பக்கம்கூட வராது, நாலு வரிதான். நீ இதைக் கேட்டால் கோபப்படுவாயா, இல்லை கிணற்றடியில் சிரித்த மாதிரி சிரிப்பாயா? எனக்கு அழுகை வரவில்லை. அந்த நாலு வரி எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் மனதுக்குள் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்குப் பேப்பர் வரும். காதர் அண்ணன் ஸ்டேஷனில் வாங்கியதும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். நம்பர் இருக்கிற வீட்டுக்கு ஊரே போகும், நான் போகத் தேவையில்லை. நம்பர் இல்லாத வீடு எதுவோ அந்த வீட்டுக்கு நான் போவேன், கொல்லைப்பக்கம் இல்லை, முன்வாசல் வழியாக. எனக்குத் தெரிந்த வழிகளை எல்லாம் சொல்வேன். சொல்லும்போது குரல் கேட்காவிட்டால் இன்னொரு தடவை சொல்வேன். நாளைக்கு மட்டும் இல்லை, நான் இந்த ஊரில் இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு வருஷமும்.

தேறாத உனக்கு என்றும் தங்கையாக,
லேயாள்